கோப்பைப் படத்தின் ஓரத்தில் நிற்கும் கோச் அடுத்த ஆண்டு எங்கே போகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி அணி ஒன்று கோப்பை வென்ற படம் விளையாட்டுப் பக்கத்தில் வரும்போது நிற்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். நடுவில் முதல்வர், பக்கத்தில் தாளாளர், அடுத்து உடற்கல்வி இயக்குநர், கோப்பையோடு கேப்டன். பின்வரிசை ஓரத்தில் டிராக் சூட் போட்ட ஒருவர். படத்துக்குக் கீழே உள்ள பெயர்களில் அவர் பெயர் கடைசியில் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. அவர்தான் கோச். அணியை ஜெயிக்க வைத்த அவரும் அவரோடு உழைத்தவர்களும் அடுத்த ஐந்து ஆண்டில் எங்கே போகிறார்கள் என்பதைப் பற்றியது இந்தக் கடிதம். வட சென்னைக் கல்லூரிகளில் இந்தக் கேள்விக்கு இன்று பதில் இல்லை. பதில் உள்ள ஓர் இடத்தை முதலில் காட்டுகிறோம்.

அது அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால். தொலைவில் உள்ள ஆட்டம் என்று ஒதுக்க வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் பேஸ்பால் இருக்கிறது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் மட்டுமல்ல, உதவியாளர்கள் எந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் என்ன வேலை பார்த்தார்கள் என்பதும் எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் ஒருவரின் பாதையைத் தொடக்கம் முதல் பின்தொடர முடிகிறது.

கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான முதல் டிவிஷனில் அணி ஒன்றுக்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர், சம்பளத்தில் இரண்டு உதவியாளர், சம்பளம் இல்லாத தன்னார்வப் பயிற்சியாளர் ஒருவர் என்பது அங்கே நெடுநாள் விதி. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2023 ஜூலை 1 முதல் அந்தத் தன்னார்வப் பதவியை எடுத்துவிட்டது. இப்போது மூன்று உதவியாளருக்கும் சம்பளம் தரலாம். சும்மா வேலை வாங்குவது அங்கேயும் நடந்தது, விதியை மாற்றித்தான் அதை நிறுத்தினார்கள்.

நான்கு பேர் எதற்கு? ஒருவர் பிட்சர்களை, அதாவது பந்து வீசுகிறவர்களை மட்டும் பார்ப்பார். இன்னொருவர் பேட்டிங். மூன்றாமவர் ஃபீல்டிங்கும் பேஸ் ஓட்டமும். பேஸ் என்பது ரன் எடுக்க வரிசையாக ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று. பள்ளிகளில் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வேலையை இவர்களில் ஒருவர் கூடுதலாகச் செய்வார். தம் அணி பேட் செய்யும்போது ஒரு கோச் மூன்றாம் பேஸ் பக்கம் நின்று ஓடுகிறவனை நிறுத்துவதா, ஓடச் சொல்வதா என்று கை காட்டுவார். முதல் பேஸ் பக்கம் இன்னொருவர். பேஸுக்குப் பேஸ் 90 அடி. முடிவு எடுக்கக் கிடைப்பது ஓரிரு நொடி. அந்த நேரத்தில், அடுத்து வீசுவதற்காக ஓரத்தில் வார்ம்-அப் செய்யும் பிட்சரின் முழங்கையையும் அவரே கவனிக்க முடியாது.

முழங்கை என்று சும்மா சொல்லவில்லை. தனி ஒரு கோச்சால் அணி நடத்த முடியாது என்பதற்குப் பந்து எண்ணிக்கை ஒன்றே போதும். பிட்சர் நின்று வீசும் மேட்டிலிருந்து பேட் செய்பவர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். 19 முதல் 22 வயதுள்ளவர்களுக்கு அமெரிக்க பேஸ்பால் அமைப்புகள் வகுத்த வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 120 பந்து. 30 வரை வீசினால் ஓய்வு நாள் கட்டாயமில்லை. 31 முதல் 45 என்றால் ஒரு நாள், 46 முதல் 60 என்றால் 2 நாள், 61 முதல் 80 என்றால் 3 நாள், 81 முதல் 105 என்றால் 4 நாள், 106-ம் அதற்கு மேலும் என்றால் 5 நாள் கை சும்மா இருக்க வேண்டும். இன்னிங்ஸுக்கு முன் வீசும் வார்ம்-அப் பந்துகள் இந்தக் கணக்கில் வராது, ஆனால் கைக்கு அவையும் பாரம்தான்.

நம் கல்லூரிப் போட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்-அவுட் ஆட்டங்கள் அடுத்தடுத்த நாளில் வரும். முதல் நாள் 90 பந்து வீசிய பையன் நான்கு நாள் உட்கார வேண்டியவன். அணியில் நம்பகமான பிட்சர் அவன் ஒருவன்தான் என்பதால் மறுநாளே மேட்டில் ஏற்றுகிறார்கள். அவன் ஜெயித்தும் கொடுத்துவிடுவான். சேதம் பிறகுதான் தெரியும். முழங்கையின் உட்பக்கம் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் ஒரு தசைநார் இருக்கிறது. களைத்த கை வீசும் ஒவ்வொரு பந்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நைந்து ஒரு நாள் அறுந்துவிடும். அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையை 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார். செய்துகொண்டாலும் திரும்பப் பந்து வீச ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். மூன்றாண்டு பட்டப் படிப்பில் அது பாதிக் காலம்.

அறுவதற்கு முன் கை சொல்லிக் காட்டும். வீசும் பந்து வழக்கத்தைவிட மேலே மேலே போகும், ஏனென்றால் கால் தளர்ந்து உடல் முன்னால் வருவதில்லை. முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கும். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே எடுக்கும் நேரம் நீளும், பையன் மேட்டைச் சுற்றி நடப்பான். இந்த மூன்றையும் பார்க்க ஓர் ஆள், கையில் ஒரு அட்டை, ஒரு பென்சில் வேண்டும். அட்டையில் தேதி, இன்னிங்ஸ், பந்து எண்ணிக்கை, அடுத்து எந்தத் தேதியில் வீசலாம் என்ற நான்கு பத்தி போதும். கோடு இழுக்கிற வேலையைக்கூட ரிசர்வ் வீரன் செய்துவிடுவான். அட்டையைப் பார்த்து "இன்றைக்கு இவன் வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் பிட்சிங் கோச்.

நம் பக்கம் பேஸ்பாலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கிரிக்கெட் பிள்ளைகள். பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். எடை குறைவு, ஆகவே கைக்குச் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் ஆறு பந்து முடிந்தால் அடுத்த ஓவர் வேறொருவருடையது. பேஸ்பாலில் பிட்சரை மாற்றாவிட்டால் மூன்று பேர் அவுட் ஆகும்வரை அதே கைதான் வீச வேண்டும், முழங்கை மடங்கி நிமிர்ந்து. ஒரே வாரத்தில் ஃபாஸ்ட் பௌலரைப் பிட்சராக்கும் ஆசை இங்கேதான் கெடுகிறது. பத்து, பதினைந்து மீட்டர் தூரத்தில் எறியத் தொடங்கி வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மேட்டிலிருந்து முழு வேகத்தில் வீச விட வேண்டும். இந்த அறிவு மற்ற ஆட்டங்களுக்கும் பயன்படும். ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணிக்கு ஃபீல்டிங் கற்றுத் தந்த மைக் யங், பேஸ்பாலிலிருந்து வந்தவர்தான்.

இனி அந்தப் பயிற்சியாளர்களின் பாதை. வெஸ் ஜான்சன் ஆர்கன்சா மாநிலத்தில் பள்ளி அணிக்குப் பயிற்சி தந்தவர். பிறகு கல்லூரி கல்லூரியாகப் பிட்சிங் கோச்சாக மாறி ஆர்கன்சா பல்கலைக்கழகம் வந்தார். 2018-ல் அந்த அணி தேசிய இறுதியில் தோற்றது. அடுத்த சீசனே மின்னசோட்டா ட்வின்ஸ் தொழில்முறை அணி அவரைப் பிட்சிங் கோச்சாக எடுத்துக்கொண்டது. 2022-ல் சீசன் நடுவே அதை விட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்.எஸ்.யு.வுக்குத் திரும்பினார். கல்லூரி வேலைக்காகத் தொழில்முறை அணியை விட்டு வருகிறார் என்றால் அங்கே கல்லூரிக் கோச்சின் மதிப்பு என்ன என்று பாருங்கள். 2023-ல் எல்.எஸ்.யு. தேசியப் பட்டம் வென்றது. அதே ஆண்டு ஜார்ஜியா பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டிம் கார்பின் 2014, 2019 என இரண்டு பட்டம் வென்றவர். அதற்கு முன் கிளெம்சனில் ஒன்பது சீசன் உதவியாளர். அவரிடம் பிட்சிங் கோச்சாக இருந்த டெரக் ஜான்சன் பின்னாளில் மில்வாக்கி, சின்சினாட்டி தொழில்முறை அணிகளுக்குப் போனார். 2019 இறுதியில் வாண்டர்பில்ட்டிடம் தோற்றது மிச்சிகன். அதன் பிட்சிங் கோச் கிறிஸ் ஃபெட்டரை 2021 சீசனுக்கு டெட்ராய்ட் டைகர்ஸ் தொழில்முறை அணி அழைத்தது. தோற்ற அணியின் உதவியாளரையும் தேடி வருகிறார்கள், ஏனென்றால் எந்தப் பிட்சரை யார் தேற்றினார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது. மிசூரி, டெக்சஸ் கிறிஸ்டியன், ஆர்கன்சா பல்கலைக்கழகங்கள் என்று உதவியாளராகவே ஆண்டுகள் கழித்த டோனி விட்டெல்லோ, டென்னசிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி 2024-ல் பட்டம் வென்றார். 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் தொழில்முறை அணி அவரையே மேனேஜராக்கியது. தொழில்முறை பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளருக்கு அதுதான் பெயர்.

பட்டம் ஒன்றே அளவுகோல் என்றும் இல்லை. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக் மார்ட்டின் 1980 முதல் 2019 வரை 40 சீசன் தலைமைப் பயிற்சியாளர். 2,029 வெற்றி. ஒருமுறைகூட தேசியப் பட்டம் இல்லை. ஆனாலும் 40 ஆண்டும் அவரை வைத்துக்கொண்டார்கள், 40 ஆண்டும் அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. இங்கே ஓர் ஆண்டு கோப்பை வராவிட்டால் அடுத்த கேம்ப்புக்கு ஃபோன் வராது.

வட சென்னைக்காரர்களுக்கு இதை வேறு சொல்லில் சொன்னால் சட்டென்று பிடிபடும்: பரம்பரை. குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று இந்த மண்ணில் வழங்கியது ரத்த உறவு அல்ல, வாத்தியார் வழி. வாத்தியாரிடம் கற்றவன் அடுத்த வாத்தியார். எல்.எஸ்.யு.வின் ஸ்கிப் பெர்ட்மன் அப்படி ஒரு வாத்தியார். மயாமியில் ரான் ஃபிரேசரிடம் உதவியாளராக இருந்துவிட்டு வந்தவர், 1991, 1993, 1996, 1997, 2000 என ஐந்து பட்டம். 1997 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற அலபாமாவின் கோச் ஜிம் வெல்ஸ், பெர்ட்மனிடமே உதவியாளராக இருந்தவர். வாத்தியார் 13-6 என்று ஜெயித்தார். அவர் ஓய்வு பெற்றதும் அணியை ஏற்ற ஸ்மோக் லாவலும் அவருடைய பழைய உதவியாளர். பெர்ட்மன் 2001 முதல் 2008 வரை அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர். கோச்சாக இருந்தவர் இயக்குநர் நாற்காலிக்குப் போக வழி இருந்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் கல்லூரிகளில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியர், நூலகர், உடற்கல்வி இயக்குநர் ஆகியோருக்குத் தகுதியும் பதவி உயர்வும் வரிசையாக இருக்கின்றன. பயிற்சியாளர் என்ற பதவி வரிசை இல்லை. உடற்கல்வி இயக்குநர் பொதுவாகக் கல்லூரிக்கு ஒருவர். விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை, நுழைவுப் படிவம், சீருடை பில், ஆண்டு விளையாட்டு விழா எல்லாம் அவர் தலையில். கால்பந்து, கைப்பந்து, கபடி, தடகளம், கேரம், குத்துச்சண்டை என்று அத்தனை அணிக்கும் அவரே பயிற்சி தர முடியாது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. ஆகவே வெளியிலிருந்து ஒரு கோச் வருகிறார். போட்டிக்கு 15 நாள், 21 நாள் முன்பு கேம்ப், நாள் கணக்கில் மதிப்பூதியம், போட்டி முடிந்ததும் கைகுலுக்கல்.

எறியும் கையைத் தயார் செய்ய ஆறு முதல் எட்டு வாரம் தேவை என்று மேலே சொன்னோம். 21 நாளில் அதைத் திணித்தால் தோளும் முழங்கையும் போகும். ஓடும் ஆட்டங்களிலும் இதே கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கத்து மைதானங்களில் தண்ணீர் தேங்கும். கேம்ப் சிமென்ட் தரைக்கு மாறும். மண்ணில் ஓடிப் பழகாமலே சிமென்ட்டில் நாளுக்கு இரண்டு வேளை ஓடவிட்டால் முன்னங்கால் எலும்பு ஓரம் வலி எடுக்கும். அந்த வலியோடு போட்டிக்குப் போகிறவன் முதல் ஆட்டத்திலேயே கால் இழுத்து ஓடுவான். ஜூன், ஜூலையில் தரை காய்ந்திருக்கும்போது அடித்தளம் போட்டிருந்தால் மழைக்காலத்தில் பாரத்தைக் குறைக்கலாம். ஆனால் ஜூனில் கோச் வேலையில் இல்லை.

திறமைக்குப் பஞ்சம் இல்லாத இடம் இது. வியாசர்பாடியின் கால்பந்துத் தெருக்கள், ராயபுரம், காசிமேடு குத்துச்சண்டைக் கூடங்கள் ஊருக்கே தெரியும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அவருக்குக் கற்றுத் தந்தவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய தந்தை. உலக சாம்பியனை உருவாக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பயிற்சியையே பிழைப்பாகக் கொள்ள ஏற்பாடு வேண்டும் என்கிறோம்.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. முதலாவது, கேம்ப் கணக்கை விட்டு ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாத ஒப்பந்தம். அணிக்கு ஒரு கோச், ஒரு உதவியாளர், எண்ணிக்கையும் காயமும் குறிக்க ஒருவர் என மூவர் வேண்டும். மூன்றாமவர் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படிக்கும் முன்னாள் வீரராக இருக்கலாம், அவருக்கு இது முதல் படி. ஒரு கல்லூரிக்கு மூவரின் செலவு பாரம் என்றால் பகிர்ந்துகொள்ளலாம். சர் தியாகராயா கல்லூரி நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஒரே தடத்தில் போகிறது. உடல்திறன் பயிற்சியாளர் ஒருவர் திங்கள், வியாழன் ஒரு கல்லூரி, செவ்வாய், வெள்ளி இன்னொரு கல்லூரி என்று காலை ஆறு மணி வகுப்பை நடத்திவிட்டு எட்டரைக்குள் முடிக்கலாம். காலை நேரம் இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது: மாலையில் துறைமுகக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகளில் மாணவிகளை இருட்டிய பிறகு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள்.

உதவியாளரைப் படிக்க அனுப்புவது அடுத்தது. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பைக் கோடை விடுமுறையோடு பொருத்திக்கொள்ளலாம். ஓராண்டு டிப்ளமோவுக்குப் போகிறவருக்கு, திரும்பி வந்தால் அதே வேலை உண்டு என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அது இல்லாததால் முப்பது வயதில் குடும்பத்தோடு இருக்கும் கோச் யாரும் பாட்டியாலாவுக்கு ரயில் ஏறுவதில்லை. கால்பந்தில் டி, சி, பி என்று லைசன்ஸ் ஏறுவதற்கும் இதுவே. கட்டணத்தில் பாதியைக் கல்லூரி ஏற்றால் இரண்டு ஆண்டு இங்கேயே பணியாற்றுவேன் என்று எழுதித் தரப் பலரும் தயார்.

எல்லாவற்றையும்விடச் செலவில்லாதது அனுபவச் சான்றிதழ். இன்று கிடைப்பது "எங்கள் அணிக்குப் பயிற்சி அளித்தார், நடத்தை நன்று" என்ற இரண்டு வரி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பணிக்கோ வேறு கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது அது எதற்கும் உதவாது. சான்றிதழில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவுக்கு, எத்தனை வீரர்களுக்கு, தலைமையா உதவியா, அணி எந்தச் சுற்று வரை போனது, பல்கலைக்கழக அணிக்கும் மாநில அணிக்கும் தேர்வானவர்கள் எத்தனை பேர், காயத்தால் விலகியவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசி எண்ணைச் சேர்க்கச் சிலர் விரும்பமாட்டார்கள். எங்களுக்கு முக்கியமானது அதுதான், ஏனென்றால் கையை ஒடித்து வாங்கிய கோப்பை எது, ஒடிக்காமல் வாங்கியது எது என்பதை வேறு எந்த எண்ணும் சொல்லாது. முதல்வர் கையெழுத்தோடு இது ஆண்டுதோறும் ஏப்ரலில் கிடைக்க வேண்டும், வேலையை விட்டுப் போகும்போது கெஞ்சி வாங்குவதாக இருக்கக் கூடாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வென்ற அணியின் செய்தியை அனுப்பும் கல்லூரியிடம் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர் பெயர்களைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். பத்திரிகையில் வந்த தேதியோடு கூடிய அந்த ஒரு வரி, சான்றிதழ் கிடைக்காதவருக்கு ஓர் ஆதாரமாகவாவது நிற்கும்.

கல்லூரி நிர்வாகங்கள் ஒப்பந்தத்தை ஜூன் முதல் வாரத்திலேயே கையெழுத்திட வேண்டும். எட்டு வாரப் பயிற்சி ஜூன் 10-ஐ ஒட்டித் தொடங்கினால்தான் ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிட்சர் மேட்டில் ஏற முடியும்.

இப்படிக்கு,
கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை